குண்டாஸில் இருக்கும் கதாநாயகனை ஜாமீனில் எடுக்கலாமா?

கேள்வி: இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். நாயகன் வியாசர்பாடி ரவுடி. குண்டாஸில் புழல் சிறையில் இருக்கிறான். நர்ஸான நாயகி அவனை ஜாமீனில் எடுத்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். இருவரும் துபாய் போய் நிம்மதியாக வாழ்கிறார்கள். சட்டப்படி இது சரியா?

பதில்: காதலில் குறையில்லை, ஜாமீனில்தான் இடிக்கிறது. குண்டாஸ் தண்டனை அல்ல. 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி போடப்படும் தடுப்புக் காவல். குற்றம் நிரூபணமாகாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அதற்கு ஜாமீன் கிடையாது. குண்டாஸ் உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் (அட்வைசரி போர்டு) போதிய காரணமில்லை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போட்டு உத்தரவை உடைக்க வேண்டும்.

அந்த மனுவைப் பெரும்பாலும் தாயோ மனைவியோதான் போடுவார்கள். உங்கள் நாயகிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஆனால் அவள் கண்ணீரைப் பார்த்து நீதிபதி விடுவிப்பதாக எழுதிவிடாதீர்கள். உள்ளே இருப்பவனுக்குக் கொடுத்த ஆவண நகல் படிக்கும்படி இல்லை, விடுவிக்கக் கேட்டுக் குடும்பத்தார் அரசுக்கு அனுப்பிய மனுவை அரசு காரணமின்றித் தாமதித்தது என்கிற மாதிரிக் கோளாறுகளில்தான் இந்த உத்தரவுகள் உடைகின்றன. அதற்கும் அரசுத் தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டு, கேட்டு, மாதங்கள் ஓடும். பாதி வருஷம் உள்ளே கழித்தவனிடம் உத்தரவு செல்லாது என்று சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? குண்டாஸ் உடைந்தாலும், அதற்குக் காரணமான அடிப்படைக் குற்ற வழக்கு அப்படியே இருக்கும். நீங்கள் எழுதிய ஜாமீன் அந்த வழக்குக்குத்தான் பொருந்தும்.

"போர்டுல நம்ம ஆள் இருக்கார், லிஸ்ட்ல இருந்தே பேரைத் தூக்கிடலாம்" என்று கோர்ட் வாசலில் ஒருவன் வருவான். தாலியை அடகு வைத்து அவனிடம் கொடுக்கும் பெண்கள் உண்டு. கதையில் அவனை நல்லவனாக்கி விடாதீர்கள், படிப்பவர்கள் நம்பித் தொலைப்பார்கள். அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வாதாடவே சட்டத்தில் உரிமையில்லை; புரோக்கர் எங்கே நுழைவது? ரவுடிகளைக் கண்காணிக்க ஸ்டேஷனில் வைத்திருக்கும் பதிவேடான ஹிஸ்டரி ஷீட்டும் கல்யாணம் ஆனதும் மூடப்படாது. புதுக் குடித்தனத்துக்கும் போலீஸ்காரர் வந்து, "இருக்கானாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

துபாய்க்கு வருவோம். வழக்கு இருந்தாலே பாஸ்போர்ட் கிடைக்காது என்பது தவறு. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் தடுப்பது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கை. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நிலுவை ஆகாது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகுதான் தடை வரும். அப்போதும் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கினால், மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் தருவார்கள். நீதிமன்றம் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரே வருஷத்துக்குத்தான். துபாய் வேலைக்கு அது எப்படிப் போதும்? முதலில் வழக்கை முடியுங்கள், பிறகு விமானம் ஏற்றுங்கள்.