கேள்வி – பதில்: டயல் போனும் வீடியோ கேம் ரிமோட்டும்

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கராக இருந்த என் தாத்தாவின் கறுப்பு டயல் போன் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஓர் எண்ணைச் சுழற்றினால், பதிவு செய்து வைத்திருக்கும் பெரியவர்களின் குரல் ரிசீவரில் கேட்கும்படி அதை மாற்ற முடியுமா? உள்ளிருக்கும் பாகங்களை எல்லாம் அகற்ற வேண்டுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: தாராளமாக முடியும், எதையும் அகற்ற வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருந்த இத்தகைய போன்கள் பல, 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐடிஐ) நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அவற்றின் உறையில் துளையிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

டயலைத் திருப்பி விரலை எடுத்ததும், உள்ளிருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பாகம் அதைச் சீரான வேகத்தில் பின்னோக்கி வரவிடுகிறது. அப்படி வரும்போது, மூடியே இருக்கும் ஒரு கான்டாக்ட் (தொட்டு விலகும் உலோக முனைகள்), நீங்கள் சுழற்றிய எண்ணுக்கு ஏற்ப 1க்கு ஒருமுறை, 9க்கு ஒன்பது முறை, 0க்குப் பத்து முறை என்று திறந்து மூடுகிறது. வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் என்பதே பொதுவான அளவு. இந்தக் கான்டாக்ட்டின் ஒரு முனையை, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையான ஈஎஸ்பி32 போர்டின் ஒரு பின்னிலும் (இணைப்பு முள்) மறுமுனையைக் கிரவுண்டிலும் இணைத்து, நிரலில் அந்தப் பின்னுக்குரிய புல்-அப்பை (கான்டாக்ட் திறந்திருக்கும்போது பின்னை உயர் நிலையில் வைக்கும் மின்தடை) இயக்கிவிட்டால் துடிப்புகளை எண்ணலாம். கான்டாக்ட் ஒவ்வொரு முறையும் சற்றே அதிர்வதால், பத்து மில்லிவினாடிக்குள் வரும் மாற்றங்களைப் புறக்கணிக்க வேண்டும். கால் வினாடிக்கு மேல் துடிப்பு இல்லையென்றால் அந்த எண் முடிந்தது என்று கொள்ளலாம். எந்த இரு கம்பிகள் என்பதை மல்டிமீட்டரின் பீப் ஒலியே காட்டிவிடும்: டயல் திரும்பி வரும்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்கும் இணைதான் உங்களுக்கு வேண்டியது. ரிசீவரை எடுத்தால் விடுபடும் சுவிட்சை இன்னொரு பின்னில் சேர்த்து, மெமரி கார்டிலிருந்து ஒலிக்கும் டிஎஃப்பிளேயர் மினி மாட்யூலை இணைத்தால் வேலை ஏறத்தாழ முடிந்தது.

நம் மலையில் உண்மையான எதிரி ஈரம். மாதக்கணக்கில் மூடுபனியில் கிடந்த கான்டாக்ட்டுகள் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டைக் கான்டாக்ட்டுகளுக்கு இடையே விட்டு இழுத்தாலே போதும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: வேலை நடக்கும்போதும் அதற்குப் பிறகும் இந்தப் போனைத் தரைவழி இணைப்பில் செருகாதீர்கள். அந்த இணைப்பில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும், மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் மாறுமின்னழுத்தம் வரும், 3.3 வோல்ட்டில் இயங்கும் ஈஎஸ்பி32 இதைத் தாங்காது. மணியையும் அடிக்க வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உயர்மின்னழுத்தச் சுற்று வேண்டும் என்பதால், முதல் முயற்சியில் அதை விட்டுவிடலாம்.

கேள்வி: தொண்ணூறுகளில் வாங்கிய டிவி கேமின் ரிமோட்டைக் கணினியில் பயன்படுத்த வழி உண்டா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: உண்டு. அக்கால டிவி கேம்கள் பல, நிண்டெண்டோவின் 8-பிட் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். அவற்றின் ரிமோட்டில், எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் வரிசையாக அனுப்புகிறது. அசல் ரிமோட்டில் 4021 என்ற சிப், நகல்களில் கறுப்புப் பிசினுக்கடியில் அதே வேலையைச் செய்யும் ஒன்று. பொத்தான்களின் நிலையைப் பிடித்துவைக்கும் லாட்ச் கம்பியில் ஒரு துடிப்பு கொடுத்து, அவற்றை வரிசையாக நகர்த்தும் கிளாக் கம்பியில் அடுத்தடுத்துத் துடிப்புகள் தந்தால், டேட்டா கம்பியில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வரும். அழுத்தியது 0 என்று வாசிக்கப்படும். கம்பிகளின் நிறம் நகலுக்கு நகல் மாறுவதால், இணையப் படத்தை நம்பாமல் மீட்டரால் தடம்பிடியுங்கள். கணினியில் யூஎஸ்பி வழியாகக் கேம்பேடாகத் தெரிய, ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டோ ஆர்டுயினோ லியோனார்டோ போர்டோ வாங்குவது எளிது. ஆர்டுயினோ ஊனோவின் ஆர்3 வகை நேரடியாக அப்படித் தெரியாது. கம்பியில்லாமல் ப்ளூடூத்தில் வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 போதும், ஆனால் அதன் எஸ்2 வகையில் ப்ளூடூத் கிடையாது என்பதைக் கடையில் கேட்டே வாங்குங்கள்.