செக்கு மாட்டுக்குப் பிரேக் கிடையாது

கேள்வி: அமெரிக்க கார் ரேஸ் வீடியோ ஒன்றை என் மகன் காட்டினான். கடைசிச் சுற்றில் ஒருவர் மதில் சுவரில் காரைத் தேய்த்துக்கொண்டே போய் ஐந்து பேரை முந்துகிறார். இது ஏமாற்று வேலை இல்லையா? இதைப் போய்க் கொண்டாடுகிறார்களே! அதுவும் செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தை 500 தடவை சுற்றுவதைக் காசு கொடுத்துப் பார்க்க ஒரு கூட்டம். நம் ஊரில் இப்படி ஒரு டிராக் கட்டினால் யாராவது எட்டிப் பார்ப்பார்களா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே அட்டையில் மூன்று விஷயங்களை அடைத்துவிட்டீர்கள். நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது கேள்வியே இல்லை, தீர்ப்பு.

செக்கு மாட்டுக்குப் பிரேக் கிடையாது. அதன் வாலை முட்டிக்கொண்டு இன்னும் முப்பது மாடுகள் வருவதும் கிடையாது. நீங்கள் பார்த்தது 2022 அக்டோபர் 30 அன்று வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் டிராக்கில், நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு நடத்திய ரேஸ். அங்கே ஒரு சுற்றே சுமார் 847 மீட்டர்தான். பேப்பர் கிளிப் என்று அதற்குச் செல்லப்பெயர், வடிவமும் அப்படித்தான்: சுமார் 244 மீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள், இரு முனையிலும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு. வால்பாறை ஏறியிருப்பீர்கள். அந்த வளைவுகளில் ஒன்றைக் கொண்டுவந்து, சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

டேடோனா மாதிரிப் பெரிய ஓவல்களில், அதாவது நீள்வட்ட டிராக்குகளில், வளைவு 31 டிகிரி சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வே காரைத் தாங்கிக்கொள்ளும். மார்ட்டின்ஸ்வில்லில் சாய்வு வெறும் 12 டிகிரி. டிரைவர் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும், வேகம் பாதியாக இறங்க வேண்டும், உடனே மறுபடி ஏற்ற வேண்டும். சுற்றுக்கு இரண்டு தடவை, 500 சுற்றுக்கு ஆயிரம் தடவை. இருட்டிய பிறகு பார்த்தால் சக்கரத்துக்குள் பிரேக் தட்டுகள் பட்டறை இரும்பு போலச் சிவந்து தெரியும். முதல் நூறு சுற்றில் வீரம் காட்டிப் பிரேக்கைத் தீய்த்துவிட்டவர், கடைசி நூறில் மிதிப்பதற்கு ஒன்றுமில்லாமல் தவிப்பார். டயர் கதையும் அதேதான்.

தேரோட்டத்தில் நேர்த்தெருவில் யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம். மூலை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவரின் கைமேல்தான் ஊர்க் கண்ணெல்லாம் இருக்கும். குட்டை ஓவல் ரேஸ் முழுக்கவே மூலை திரும்புவதுதான். உள்பக்கத் தடம்தான் தூரம் குறைவு என்பதால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். முன்னால் போகிறவர் நகரவில்லையா, வளைவில் அவருடைய பின்பம்பரில் லேசாக ஒரு இடி. அவர் அரையடி வெளியே சறுக்குவார், அந்த இடைவெளியில் நுழைந்துவிட வேண்டும். அதிகம் இடித்தால் அவர் சுழன்றுவிடுவார். அப்புறம் ஐம்பது சுற்று கழித்தோ அடுத்த மாதமோ அவர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார். இந்தக் கணக்குவழக்கெல்லாம் பதினைந்து வினாடி வீடியோவில் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்குத் தெரியும்.

இனி அந்த மதில் சுவர். ஓட்டியவர் ராஸ் சாஸ்டெய்ன், ஃபுளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. அந்த வருடம், அடுத்த வாரம் ஃபீனிக்ஸில் நடக்கவிருந்த இறுதிப் போட்டியில் பட்டத்துக்கு மோத நான்கு பேருக்குத்தான் அனுமதி இருந்தது. கடைசிச் சுற்றில் அவர் பத்தாவது இடம். அந்த நால்வரில் ஒருவராக, போட்டி டிரைவர் டென்னி ஹாம்லினைப் புள்ளிக் கணக்கில் தாண்ட இன்னும் இரண்டு இடம் வேண்டும், பாக்கி இருப்பது அரைச் சுற்று. முறையாக ஓட்டி அது நடக்காது. சின்ன வயதில் தம்பியோடு விளையாடிய வீடியோ கேமில் இப்படிச் சுவரில் சாய்த்து ஓட்டியது நினைவுக்கு வந்ததாம். பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாவது கியருக்குத் தட்டினார், பிரேக்கைத் தொடவில்லை, வெளிச்சுவரில் காரை ஒட்டிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையையே எடுத்துவிட்டார். முட்டுக்கட்டையே போடாமல் தேரை மதிலில் சாய்த்துத் திருப்பியது மாதிரி. எல்லோரும் உள்ளே பிரேக் போட்டு ஊர்ந்துகொண்டிருக்க, இவர் வெளியே பறந்தார். ஐந்து பேரைத் தாண்டினார், முடிவுக்கோட்டை நெருங்கும்போது ஹாம்லினையும் சேர்த்து. அந்தச் சுற்றுக்கு 18.845 வினாடி. தகுதிச் சுற்றில் தனியாக ஓட்டி எடுத்த நேரங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஸ்டாக் கார் என்ற இந்த வகைப் பந்தயக் கார் ஒன்று அங்கே அதைவிட வேகமாகச் சுற்றியதில்லை.

அன்றைக்கு ரேஸை ஜெயித்தவர் கிறிஸ்டோபர் பெல். ஜெயித்தால்தான் ஃபீனிக்ஸ் என்ற நெருக்கடி அவருக்கும் இருந்தது, ஜெயித்தும் காட்டினார். உங்கள் மகன் காட்டிய வீடியோவில் அவரைத் தேடிப் பாருங்கள். பாவம்.

ஏமாற்றா? இல்லை. அன்றைய நடுவர்கள் முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 2023 ஜனவரியில் நாஸ்கார் ஒன்று சொன்னது: புதிதாக விதி எழுதப்போவதில்லை, ஏற்கெனவே உள்ள பாதுகாப்பு விதியின்படி இனிமேல் யாராவது இப்படிச் செய்தால் நேர அபராதம். அதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, தப்பு என்றுதானே நிறுத்தினார்கள்" என்பீர்கள். கிரிக்கெட்டில் 1981-இல் மெல்போர்னில் நியூஸிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல் கடைசிப் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டாரே, அதற்கும் அன்று விதியில் தடை இல்லை, பிறகுதான் வந்தது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பல் எதிராளிக்கு அடிக்கவே வாய்ப்பில்லாமல் செய்தார். சாஸ்டெய்ன் பணயம் வைத்தது தன் காரையும் தன் எலும்பையும்.

தடை சரியா என்றால், நூற்றுக்கு நூறு சரி. பிரேக் பிடிக்கத் தெரிந்தவனுக்காகவே ஆன டிராக் அது. சுவரே காரைத் திருப்பிவிடும் என்று ஆகிவிட்டால் அடுத்த வருடம் கடைசிச் சுற்றில் முப்பது பேரும் சுவருக்குத்தான் ஓடுவார்கள். அப்புறம் அந்த வளைவு எதற்கு? சுவரில் எங்காவது ஒரு துருத்தல் இருந்து கார் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சக டிரைவர் கைல் லார்சன் இதை அவமானம் என்றார். அவரே 2021-இல் டார்லிங்டன் டிராக்கில் கடைசிச் சுற்றில் சுவரோடு உரசிப் பார்த்துத் தோற்றவர்தான். அதற்காகவும் வெட்கப்படுவதாக அவரே சொல்லிவிட்டதால் விட்டுவிடலாம். இத்தனைக்கும் பட்டம் சாஸ்டெய்னுக்குக் கிடைக்கவில்லை. ஃபீனிக்ஸில் ஜோயி லொகானோ அதைத் தட்டிக்கொண்டு போக, இவருக்கு இரண்டாம் இடம்.

நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டிய பிறகு 2010 மார்ச்சில் நாஸ்காரின் பிக்-அப் டிரக் பிரிவில் இறங்கினாரே, முதல் ரேஸ் எங்கே என்று தெரியுமா? இதே மார்ட்டின்ஸ்வில். 250 சுற்று, பதின்மூன்றாவதாக முடித்தார். ஓவலில் புது ஆள், அதுவும் பம்பரால் பேசுகிற ஊரில், முழுசாக முடித்ததே பெரிய காரியம். அந்த வருடம் டிரக் பிரிவின் மிகப் பிரபலமான டிரைவர் என்று அவருக்குத்தான் ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். செக்கு மாடு என்று எழுதும்போது அவரை நினைத்துக்கொண்டீர்களா?

கூட்டம் வருமா என்ற சந்தேகம் மார்ட்டின்ஸ்வில்லைக் கட்டிய கிளே ஏர்ல்ஸுக்கும் இருந்திருக்கும். 1947 செப்டம்பரில் முதல் ரேஸ் நடத்தியபோது தயாராக இருந்தவை 750 இருக்கைகள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். நாஸ்கார் என்ற அமைப்பே அப்போது பிறக்கவில்லை. தார் போடாத மண் பாதை, வந்தவர்கள் புழுதியைத் தின்றுவிட்டுப் போனார்கள், ஆனால் திரும்ப வந்தார்கள். 1964 முதல் அங்கே ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடையாது, ஆளுயரத் தாத்தா கடிகாரம்தான் பரிசு. கோப்பையை விட்டுவிட்டு அந்தக் கடிகாரத்துக்காக ஏங்குகிற டிரைவர்கள் உண்டு.

நம் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பெயரில் ஸ்பீட்வே என்றிருந்தாலும் அது ஓவல் இல்லை, இடமும் வலமுமாக வளைகிற வழக்கமான பாதை. ஓவல் கட்ட யாராவது முன்வந்தால் எழுதுங்கள். டிக்கெட் இரண்டாக எடுக்கிறேன், ஒன்று உங்களுக்கு.