கேளுங்க, சொல்லுதேன்: பட்டினிக் காலத்துச் சிரிப்புப் படம்

போன இதழில் ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற 1936ஆம் ஆண்டு அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பார்த்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

பீடி சுற்றும் வாசகி, முக்கூடல்: நாள் முழுக்கச் சுற்றினாலும் கேஸ், மளிகை, பிள்ளைக்கு ஃபீஸ் என்று கூலி கையில் நிற்பதில்லை. இந்த நேரத்தில் சிரிப்புப் படத்தைப் பற்றி எழுதுகிறீர்களே, எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா.

என் தாயார் ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டுகிற அதே வேகத்தில் பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்கவும் வைப்பார். அந்தத் திண்ணையில் யாரைப் பற்றிச் சிரித்தார்கள்? கடையில் பீடியைக் கழித்துவிடுகிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர், ஓட்டுக் கேட்டு வந்துவிட்டு அப்புறம் தெருப்பக்கம் தலைகாட்டாதவர். கடையில் முகத்துக்கு நேரே சொன்னால் அடுத்த நாள் இலை கிடைக்காது. அதனால் திண்ணையில் சொன்னார்கள். உங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நல்ல நகைச்சுவைப் படம் உங்கள் திண்ணையில் பிறந்தது என்றுதான் சொல்வேன்.

இப்போது அந்தப் படத்தின் கதை. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. 1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஃபிராங்க் காப்ரா எடுத்த படம் இது. வெர்மாண்டில் ஒரு சின்ன ஊர்க்காரர் டீட்ஸ். வாழ்த்து அட்டைக்குக் கவிதை எழுதுவார், டூபா என்ற பெரிய ஊதுகுழல் வாசிப்பார். கேரி கூப்பர் நடித்திருக்கிறார். மாமா விட்டுப்போன 2 கோடி டாலர் அவருக்கு வந்து சேர்கிறது. நியூயார்க்குக்குக் கூட்டிப் போகிறார்கள். பத்திரிகைகள் அவரைக் கோமாளியாக்கி எழுதுகின்றன. அதில் ஒன்று, அவர் குதிரைக்கு டோனட் ஊட்டினார் என்பது.

ஒரு நாள் நிலம் போன விவசாயி ஒருவர் அந்த மாளிகைக்குள் புகுந்துவிடுகிறார். குதிரைக்கு ஊட்டுகிறாயே, பசித்த மனிதனை ஒரு நாளாவது நினைத்தாயா என்று கத்துகிறார். துப்பாக்கியை எடுக்கிறார். அப்புறம் அவரே உடைந்து அழுதுவிடுகிறார். படம் பார்க்கும்போது என் எதிர்வீட்டு மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஓட ஓட நான்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “பாவம், அவன் சுடுததுக்கா வந்தான்? கேக்க ஆளில்லாம வந்திருக்கான்” என்றார். மதினியும் பீடி சுற்றுகிறவர்தான்.

டீட்ஸ் அவரை உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார். பிறகு ஒரு முடிவுக்கு வருகிறார். நிலம் இழந்த குடும்பங்களுக்கு ஆளுக்குப் 10 ஏக்கர், ஒரு குதிரை, ஒரு மாடு, விதை. 3 வருஷம் உழைத்தால் நிலம் அவர்களுக்கே சொந்தம். உடனே சொந்தக்காரர்களும் வக்கீலும் சேர்ந்து, இவனுக்குப் புத்தி சரியில்லை, சொத்தை இவன் கையில் விடக்கூடாது என்று வழக்குப் போடுகிறார்கள். மாமா அத்தனை கோடியையும் பூட்டி வைத்திருந்த காலத்தில் அவர் புத்தியை யாரும் சந்தேகப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீதிமன்றக் காட்சியில் மதினி விழுந்து விழுந்து சிரித்தார். யோசிக்கும்போது டூபா வாசிக்கிறான், அதுவே பைத்தியத்துக்கு அடையாளம் என்கிறது எதிர்த்தரப்பு. டீட்ஸ் எழுந்து, யோசிக்கும்போது எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு என்று சொல்லி ஒவ்வொருவராகக் காட்டுகிறார். ஒருவர் விரலைச் சொடுக்குகிறார். நீதிபதி தாளில் இருக்கும் ‘ஓ’ எழுத்துகளையெல்லாம் பென்சிலால் நிரப்புகிறார். பைத்தியம் என்று சான்று சொல்ல வந்த மருத்துவரோ பொம்மை பொம்மையாகக் கிறுக்கி வைத்திருக்கிறார். அதுவரை டீட்ஸைப் பார்த்துச் சிரித்த அறை முழுவதும் மருத்துவரைப் பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில் இந்த நீதிமன்றத்துக்குள் வந்தவர்களிலேயே புத்தி தெளிந்தவர் இவர்தான் என்று தீர்ப்பாகிறது.

கஷ்ட காலத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அரசியல் அம்மா. அந்தச் சிரிப்பு பசித்தவனுக்குக் கொடுக்க நினைத்தவர் பக்கமிருந்து மருத்துவர் பக்கம் திரும்பும் அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

கல்லூரி மாணவர், பேட்டை: நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனின் (என்.எஸ்.கே.) ‘நல்லதம்பி’ இதைப் பார்த்து எடுத்ததுதானாமே?

ஆமாம் தம்பி. 1949இல் வந்த ‘நல்லதம்பி’க்கு மூலம் இந்தப் படம்தான். அண்ணா எழுதினார், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். ஆனால் தழுவல் என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள். போர் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. அரிசிக்குக் கட்டுப்பாடு, ரேஷன். ராஜாஜி முதலமைச்சராகி 1952இல் நீக்கும்வரை அது போகவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்திருந்தது. சிங்கம்பட்டி, சிவகிரி, எட்டயபுரம் என்று ஜமீன்களின் நிழலிலேயே பல தலைமுறை கழித்தது நம் திருநெல்வேலிச் சீமை. அப்படிப்பட்ட நேரத்தில், ஜமீன் சொத்து கைக்கு வந்த ஒரு கிராமத்து மனிதன் அதை ஊருக்காகச் செலவழிக்க நினைத்தான் என்று படம் காட்டினால், கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் குத்தகைக்காரருக்கு அது அமெரிக்கக் கதையாகவா தெரிந்திருக்கும்?

அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணா திமுகவைத் தொடங்கினார். கட்சி மேடையும் சினிமாக் கொட்டகையும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது.

இன்னொன்று. என்.எஸ்.கே. நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்து, மேல்முறையீட்டுக்குப் பின் 1947இல் வெளியே வந்தவர். அவ்வளவு பட்டவர், வந்தவுடன் வெறும் கூத்தடித்துவிட்டுக் காசு பார்த்திருக்கலாம். அவர் செய்யவில்லை. ‘நல்லதம்பி’யில் கதையை நிறுத்திவிட்டு ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்கிறார். நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். கதை நடுவில் பிரசங்கம் என்று இதைக் குறை சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் உனக்கும் உரிமை என்று அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? அவர் சொன்னார், அதுவும் சிரிக்கச் சிரிக்க. நான் சிறுமியாக டூரிங் டாக்கீஸில் பார்த்தபோது, படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அம்மா கிந்தனார் கதையையே சொல்லிக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தச் சொன்ன சொந்தக்காரர்களிடம் அவர் பிடிவாதமாக நின்றதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மளிகைக் கடைக்காரர், சங்கரன்கோவில்: சும்மா கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள். இலவசத்தைக் கிண்டல் பண்ணும் காமெடி வந்தால் தியேட்டரே கைதட்டுகிறது. அது சரிதானே?

அண்ணாச்சி, உங்கள் கடைக் கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். மாசக் கடைசியில் பேர் எழுதி வாங்குகிறவர்கள் யார்? விடிகாலை பூப்பறிக்கப் போகிறவர், கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறவர், விசைத்தறி ஓட்டுகிறவர். இவர்களில் சோம்பேறி யார் என்று ஒரு பேரைக் காட்டுங்கள்.

1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய ஊர் எட்டயபுரம். அன்று அது நம் ஜில்லாவில்தான் இருந்தது. அன்றும் இதே பேச்சு இருந்தது. பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதா, காசுக்கு எங்கே போவது என்று. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள்தான் பின்னால் வாத்தியாரானார்கள், நர்ஸானார்கள், கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்படிக் கணக்குப் போடும் என்று எனக்குத் தெரியும்.

அரசு தரும் பொருளில் ஊழல் இருந்தால் அதைக் கிண்டல் செய்யட்டும். டெண்டர் எடுத்தவரைக் கிண்டல் செய்யட்டும். ஓட்டுக்கு முந்தின ராத்திரி பணம் கொடுக்கிறவரைக் கிழிக்கட்டும், நானும் கைதட்டுவேன். வரிசையில் நின்று வாங்கும் பெண்ணைக் கோமாளியாக்கும் காட்சிக்கு என் கை எழும்பாது. டீட்ஸைப் பைத்தியம் என்று சான்று சொல்ல வந்த மருத்துவர் எந்தப் பக்கம் நின்றாரோ, அந்தப் பக்கம்தான் அந்தச் சிரிப்பும் நிற்கிறது.

ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்: நல்ல மனசுள்ள பணக்காரன் ஒருத்தன் வந்தால் எல்லாம் தீரும் என்பதா படம்? நாங்கள் சங்கம் வைத்துப் போராடியது எதற்கு?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. இந்த இரண்டு படத்தோடும் எனக்கு உள்ள பெரிய சண்டை இதுதான். டீட்ஸ் கொடுக்கிறார், நல்லதம்பி கொடுக்கிறான். வாங்குகிறவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்றுகூடிக் கேட்கும் காட்சி இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. டீட்ஸ் படம் வருவதற்கு முந்தின ஆண்டு, 1935 ஆகஸ்டில், அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியவர்களுக்கு ஓய்வூதியம், வேலை இழந்தவர்களுக்கு உதவி. அது எந்த வாரிசுடைய பெருந்தன்மையும் இல்லை, ரூஸ்வெல்ட் அரசு போட்ட சட்டம். இங்கேயும் அதே பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடனில் மூழ்கிய விவசாயிக்கு, 1938இல் சென்னை மாகாணத்தில் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பீடித் தொழிலாளிக்கென்று 1966இல் தனிச் சட்டம் வந்தது. 1976இல் பீடியிலிருந்தே செஸ் என்ற தனி வரி வசூலித்து நல நிதி உண்டாக்கினார்கள். முக்கூடல் அம்மாவுடைய தெருவில் எத்தனை பிள்ளைகள் அந்த நிதியின் உதவித்தொகையில் நோட்டு வாங்கினார்கள்! 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி, நல நிதிக்கான செஸ்ஸோ ரத்து. வரி கூடியது, தொழிலாளிக்கென்று தனியாக ஒதுங்கிய காசு நின்றது. இதை வைத்து ஒரு நல்ல நகைச்சுவைப் படம் எடுக்க ஆள் வேண்டும் என்று நான் ஏங்குகிறேன். கடைக்காரர், கணக்குப்பிள்ளை, அதிகாரி, எம்.பி. என்று ஒவ்வொரு படியாக ஒரு பீடிக்காரம்மா ஏறி இறங்கி, ‘எங்க காசு எங்கய்யா?’ என்று கேட்டுக்கொண்டே போகும் படம்.

வாசகி, கல்லிடைக்குறிச்சி: அப்படியானால் எதை வேண்டுமானாலும் சிரிப்பாக்கலாமா?

இல்லை. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் ஓடித் தாமிரபரணியில் விழுந்தவர்களில் 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அந்த 17 பேரை வைத்து எந்தச் சிரிப்பும் வேண்டாம். அவர்கள் கேட்ட கூலி அதிகம் என்று அன்று பேசியவர்களை வைத்து வேண்டுமானால் எடுக்கட்டும்.

வாசகர், வள்ளியூர்: டீட்ஸ் படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

அவரைக் கோமாளியாக்கி எழுதும் பெண் நிருபர், ஜீன் ஆர்தர் நடித்த பாத்திரம், காதல் வந்ததும் திருந்திவிடுவது. ஒரு மனிதனை ஊர் சிரிக்க எழுதிவிட்டு, மன்னிப்பு இவ்வளவு லேசாகக் கிடைக்கக் கூடாது.

ஆசிரியை, அம்பாசமுத்திரம்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் எதை முதலில் காட்டலாம்?

‘நல்லதம்பி’யில் கிந்தனார் பகுதியை மட்டும் முதலில் காட்டுங்கள் டீச்சர். முழுப் படத்துக்கு ஒரு பீரியட் பத்தாது. போட்டுவிட்டு உங்கள் ஊரில் யார் யாருடைய தாத்தா, பாட்டி பள்ளிக்கூடமே போகவில்லை, ஏன் போகவில்லை என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். டீட்ஸை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றக் காட்சிக்கு முன்னால் மட்டும் நிறுத்தி, தீர்ப்பை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.