தாரும் சரளையும் காடும் கலந்த பாதை: எந்த சைக்கிள், என்ன தயாரிப்பு?

சைக்கிள் பழுதுபார்ப்பது என் தொழில். நெடுந்தூரம் ஓட்டுவது என் ஆசை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கலப்புப் பாதைப் பயணம் பற்றியவை. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. ஐந்து வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். அடுத்த வருடம் ஆறு நாளில் 520 கி.மீ. பயணம் போகப்போகிறேன். கால்வாசி தார், பாதி சரளை, மீதி வேரும் பாறையும் உள்ள காட்டுப் பாதை. கிராவல் பைக் (ரோடு பைக் போலவே இருக்கும், சரளைக்கேற்ற அகல டயர் போட்ட வண்டி) வாங்குவதா, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் வாங்குவதா என்று மூன்று மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். நண்பர்கள் எல்லோரும் கிராவல் பைக்தான் என்கிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்கள் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். நீங்கள் மணியை எண்ணுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தார் 130 கி.மீ.; சுமையோடு மணிக்கு 20 போனால் ஆறரை மணி நேரம். சரளை 260, மணிக்கு 14 என்றால் பதினெட்டரை. காட்டுப் பாதையும் 130தான், ஆனால் அங்கே மணிக்கு 8 போனாலே பெரிது. பதினாறு மணிக்கு மேல் ஆகும். ஆக மொத்தம் 41 மணி நேரச் சவாரி. அதில் தார் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. தூரத்தில் கால்வாசியாக இருந்த காடு, நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. கை வலிப்பதும், விழுவதும், இறங்கித் தள்ளுவதும், மனம் சோர்வதும் அந்தப் பதினாறு மணி நேரத்தில்தான். வண்டியை அந்த நேரத்துக்காக வாங்க வேண்டும். அதனால் என் வாக்கு மவுண்டன் பைக்குக்கு. காட்டுப் பகுதி பத்தில் ஒரு பங்காக இருந்திருந்தால் நானும் கிராவல் பைக் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கனடாவிலிருந்து அமெரிக்கா–மெக்சிகோ எல்லைவரை மலைத்தொடரை ஒட்டி இறங்கும் கிரேட் டிவைட் பாதை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதில் பெரும்பகுதி சரளைச் சாலையும் மண் சாலையும்தான். செங்குத்தான ஒற்றையடிப் பாதை குறைவு. அப்படிப்பட்ட பாதைக்கே பெரும்பாலோர் 2 அங்குலத்துக்கு மேற்பட்ட டயரோடுதான் போகிறார்கள். நாள் கணக்கில் அதிர்வை வாங்கினால் உடம்பு என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். ஃப்ரேமின் பின்பக்கத்தில், டயருக்கும் இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ.யாவது வேண்டும். சேறு ஒட்டினால் அந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றும். இல்லையென்றால் சக்கரம் சுற்றாது, வண்டியைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கும். சக்கர அளவை கிராவல் பைக்கில் 700சி என்றாலும் மவுண்டன் பைக்கில் 29 அங்குலம் என்றாலும் ரிம்மின் விட்டம் ஒன்றேதான், இரண்டுமே 622 மி.மீ. வேறுபாடு டயரின் அகலத்தில் இருக்கிறது. எவ்வளவு அகல டயர் உள்ளே போகும் என்பதை ஃப்ரேம்தான் தீர்மானிக்கிறது. டயரைப் பிறகு மாற்றலாம், ஃப்ரேமை மாற்ற முடியாது.

அடுத்தது கியர். நீங்கள் 70 கிலோ, வண்டி 13, சுமை 12 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 95 கிலோ. முன்னால் 30 பல், பின்னால் 51 பல் உள்ள மவுண்டன் பைக்கில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 1.35 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கி.மீ. பத்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு, எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 125 வாட் வேண்டும். உங்கள் ரோடு பைக்கில் முன்னால் 34, பின்னால் 28 பல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 9 கி.மீ.; தேவை 240 வாட்டைத் தொடும். முதல் நாள் காலையில் 240 வாட் வரும். ஐந்தாம் நாள் மாலையில் வராது. வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைக்கச் செலவழிக்கும் பணத்தைப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுங்கள்.

கார்பனா அலுமினியமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அளவுக்குப் பொருந்துகிற ஃப்ரேம் எதுவோ அது. அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டயர் டியூப்லெஸ்ஸாக இருக்கட்டும்; அதாவது உள்ளே டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியது. 2.2 அங்குல டயருக்கு காற்றழுத்தம் முன்னால் 20–22 பி.எஸ்.ஐ., பின்னால் 23–25 என்று தொடங்குங்கள். கல் மேல் ஏறும்போது ரிம்மில் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் 2 ஏற்றுங்கள். சரளையில் ஹேண்டில் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தால் 1 இறக்குங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 22க்கும் 28க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும். காற்றழுத்தம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி: புது வண்டி வாங்க வசதியில்லை. மாமா ஓட்டிய பழைய 26 அங்குல மவுண்டன் பைக் வீட்டில் கிடக்கிறது. ஸ்டீல் ஃப்ரேம். இதை வைத்துக்கொண்டு நான்கு நாள் பயணம் போனால் சிரிப்பார்களா?

பதில்: யாரும் சிரிக்க மாட்டார்கள். 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை 1,900 மைல், அதாவது 3,000 கி.மீ., கியரே இல்லாத சைக்கிளில் கூடாரமும் துப்பாக்கியும் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். 41 நாள். இங்கிலாந்தில் 1955இல் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியவர்களும் அன்றைய சாதாரண டூரிங் சைக்கிளில்தான் மலையேறினார்கள். உங்கள் மாமாவின் வண்டியில் கியரும் அகல டயரும் இருக்கின்றன. அவர்களைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

ஆனால் கிடந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் செயின். 12 அங்குல ஸ்கேலின் பூஜ்யத்தை, செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (சின்ன ஆணியின்) நடுவில் வையுங்கள். நல்ல செயின் என்றால் 12ஆவது அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி பதினாறில் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒன்று தள்ளியிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் வழுக்கும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பெடல் பொருத்திய கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; அதுவும் ஆடக் கூடாது. ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அமுக்குங்கள்; ஒன்று மட்டும் தொளதொளவென்றிருந்தால் சுமை ஏற்றிய இரண்டாம் நாள் அது உடையும். டயர் வாங்கும்போது பழைய டயரின் பக்கத்தில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து அதையே கேளுங்கள். 26 அங்குலம் என்ற பெயரில் வேறு அளவு ரிம்களும் உண்டு. கேபிள்களையும் பிரேக் கட்டைகளையும் யோசிக்காமல் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பயணத்துக்கு 12 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்ட முடியும். எப்படித் தயாராவது?

பதில்: இரண்டு நாள் ஒரு மணி நேரம், மூன்றாவது நாள் நீண்ட சவாரி. நீண்ட சவாரியை வாரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் கூட்டுங்கள். நான்காவது வாரம்தோறும் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். ஏழாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும் அனுபவம்தான் இதில் முக்கியம்.

ஒன்பதாவது வாரத்தில், பயணத்துக்குக் கட்டப்போகும் முழுச் சுமையோடு இரண்டு இரவு வெளியே தங்குங்கள். எந்தப் பை சக்கரத்தில் உரசுகிறது, எது அவிழ்கிறது, எது தேவையே இல்லை என்று அங்கே தெரியும். கனமான பொருளை ஃப்ரேமின் நடுவில், முடிந்தவரை கீழே வையுங்கள். சீட்டுக்குப் பின்னால் கனம் ஏறினால் காட்டுப் பாதையில் வண்டி வாலை ஆட்டும்.

சாப்பிடுவதும் பயிற்சிதான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி எடுக்கும் முன்பே, முதல் மணி நேரத்திலிருந்தே. வயிற்றுக்கு இது பழக வேண்டும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், வெயிலில் கூடும். வழியில் கிடைக்கும் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள். மேலே சொன்ன 1897 பயணத்தில் நெப்ராஸ்காவின் மணல் மேடுகளில் உப்பும் காரமும் (ஆல்கலி) கலந்த தண்ணீரைக் குடித்து வீரர்கள் நோயில் படுத்தார்கள். அந்தக் காரத்தை வடிகட்டியும் எடுக்காது. அப்படிப்பட்ட நிலப்பகுதி வரும் என்று தெரிந்தால் தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும்.

கேள்வி: எவ்வளவு கருவி எடுத்துக்கொண்டு போக வேண்டும்? பையில் இடமே இல்லை.

பதில்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாள் பயணத்தின் இரண்டாம் நாள் மதியம், காய்ந்த இலைகள் மூடிய இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். விரல் தடிமனுள்ள ஒரு குச்சி பின்சக்கரத்தில் ஏறியது. பெடலை நிறுத்துவதற்குள் ‘கிரீச்’ என்று இழுத்து, பின்கியர் மாற்றி அப்படியே ஸ்போக்குக்குள் போய்விட்டது. அதை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடம் சர்க்கரைபோலப் பொடிப்பொடியாக மின்னியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு ஹேங்கர் கையில் இல்லை. வாங்க வேண்டும் என்று எழுதி வைத்த சீட்டு மட்டும் வீட்டில் இருந்தது.

செயின் பின்னைக் கழற்றும் கருவி இருந்ததால் பிழைத்தேன். மாற்றியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, செயினை வெட்டிச் சுருக்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று நேராகப் பொருத்தினேன். கொஞ்சம் தளர்வாக வைத்தால் விழுகிறது. இறுக்கினால் அடுத்த பெரிய பல்லுக்குத் தானே ஏறி, வில் நாண்போல விறைத்துக்கொள்கிறது. மூன்று முறை அவிழ்த்து மாட்டிய பிறகு ஓர் இடத்தில் நின்றது. அப்படியே 60 கி.மீ. ஓட்டினேன், ஏற்றமெல்லாம் தள்ளினேன்.

ஹேங்கரின் எடை ஒரு சாவியளவுதான். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறு, வழியில் தேடினால் கிடைக்காது. 2019இல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் பொது அளவுள்ள ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் ஃப்ரேம் அதை ஏற்கும் என்றால் நல்லது. இல்லையென்றால் வண்டி வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்று வாங்கி, சீட் போஸ்ட்டில் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

மற்றவை: செயின் கருவி உள்ள மல்ட்டிடூல், பின்னால் எத்தனை பல்சக்கரமோ அதற்கான செயினுக்குப் பொருந்தும் இரண்டு குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), பம்ப், ஓட்டையை அடைக்கும் டியூப்லெஸ் பிளக், ஒரு டியூப், கொஞ்சம் சீலன்ட், ஒரு ஜோடி பிரேக் பேட், ஜிப் டை, டேப். டயருக்குள் இருக்கும் சீலன்ட் சில மாதத்தில் காய்ந்துவிடும்; கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றுங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. பழைய டயரிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருங்கள். கிழிசலுக்கு உள்பக்கமாக அதை வைத்து, டியூப் போட்டுக் காற்றடித்தால் போதும். அமெரிக்காவின் கான்சாஸில் 2006இல் தொடங்கிய 200 மைல் கிராவல் பந்தயத்தில் சிக்கிமுக்கிக் கல் டயரைக் கத்திபோல அறுப்பது பெயர் பெற்றது. உங்கள் பாதையிலும் கூரிய கல் இருந்தால், நூறு கிராம் கூடினாலும் பக்கச்சுவர் தடித்த டயரையே போடுங்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் ஓட்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கையுறை மாற்றியும் சரியாகவில்லை. பயணத்துக்குள் தானாகச் சரியாகுமா?

பதில்: இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், தயவுசெய்து. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் அல்நார் நரம்பு ஓடுகிறது. ஹேண்டிலில் சாய்ந்த எடை அதை அமுக்குவதால்தான் அந்த இரண்டு விரலும் மரக்கின்றன. நான் ஒருமுறை இதை அலட்சியப்படுத்திப் பயணத்தை முடித்தேன்; இரண்டு வாரம் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

கையுறையைவிட சீட்டை முதலில் பாருங்கள். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னே வழுக்கி, உடம்பைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மட்டமாக்குங்கள். பிறகு உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டு போனால் கால் நேராக நீள வேண்டும், அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி சற்று மடங்கியிருக்கும். இதற்கும் அடங்காவிட்டால் ஹேண்டிலை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள், அல்லது ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அதோடு இரண்டு சவாரி போன பிறகே அடுத்தது. உள்ளங்கையின் வெளிப்பக்கத்தை அகலமாகத் தாங்கும் கிரிப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள்.

வண்டியை விட்டு இறங்கி ஒரு நாள் கழிந்தும் மரப்பு நீங்கவில்லை, அல்லது விரலில் பலம் குறைகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். பயணத் தேதியைத் தள்ளி வைக்கலாம்.