பெல்ட் அளவு: கேட்டவர்களுக்குப் பதில்

ஆம்பூர் பக்கம் 22 வருடமாகக் கையால் தோல் பெல்ட் செய்துகொண்டிருக்கிறேன். அளவு எடுப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: பேன்ட் சைஸை அனுப்பாதீர்கள். அதை நம்பி என்னால் தோலில் கத்தி வைக்க முடியாது.

கேள்வி: அண்ணே, நான் 34 பேன்ட் போடுகிறேன். 34 பெல்ட் சொன்னால் சரியாக இருக்குமா?

இருக்காது தம்பி. பேன்ட்டின் பட்டனைப் போட்டு மேசையில் விரியுங்கள். இடுப்புப் பட்டியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 என்று எழுதியிருக்கும் பேன்ட்டில் 36 வருவது சாதாரணம். அதற்கும் வெளியே, லூப்புக்குள், உள்ளே செருகிய சட்டையையும் சேர்த்துச் சுற்ற வேண்டியது பெல்ட். பேன்ட் சைஸோடு 2 கூட்டி வாங்கு என்று கடையில் சொல்வார்கள். ரெடிமேட் பெல்ட்டில் 5 துளை இருப்பதால் எப்படியோ ஒப்பேறிவிடும். உங்களுக்கென்றே செய்யும் பெல்ட் நடுத்துளையில், அதாவது மூன்றாவதில், உட்கார வேண்டும். அப்போதுதான் இளைத்தாலும் பெருத்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

இப்போது போட்டிருக்கும் பெல்ட்டைக் கழற்றித் தரையில் நேராக விரித்து, வழக்கமாகப் போடும் துளைவரை அளந்து அனுப்புங்கள். எனக்கு அது போதும்.

கேள்வி: அப்பாவுக்குத் தெரியாமல் பரிசாகக் கொடுக்க வேண்டும். அவர் எந்தத் துளையில் போடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்கவே வேண்டாம், பெல்ட்டே சொல்லிவிடும். அவர் குளிக்கப் போகும்போது பழைய பெல்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மற்ற துளைகள் வட்டமாக இருக்கும். அவர் போடும் துளை மட்டும் நுனிப் பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். பக்கத்திலேயே பக்கிளின் முன்கம்பி, அதாவது முள்ளின் நுனி படுத்திருக்குமே அந்தக் கம்பி, அழுத்திய தடம் குறுக்கே கோடாகத் தெரியும், அந்த இடத்தில் சாயம் தேய்ந்து தோல் பளபளக்கும். இரண்டு கோடுகள் இருந்தால் எது புதியது என்று பாருங்கள். சென்ற மாதம் ஒரு பெண் அனுப்பிய படத்தில், நுனியிலிருந்து எண்ணினால், நாலாவது துளையில் ஆழமான தடம், மூன்றாவதில் லேசாக ஒன்று. அவருடைய அப்பா சமீபத்தில்தான் கொஞ்சம் பெருத்திருக்கிறார். நான் மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கிருந்து அளக்க வேண்டும்? பக்கிளைச் சேர்க்கக் கூடாது, தோல் மடிந்திருக்கும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள்.

பல கடைகளில் அதுதான் வழக்கம். நான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பேன்: மடிப்பிலிருந்து துளைவரை ஒன்று, மடிப்பிலிருந்து பக்கிளின் முன்கம்பிவரை ஒன்று.

காரணம் இது. பெல்ட்டை மாட்டி இழுத்ததும் துளை முள்ளின் அடியில் நிற்பதில்லை. வழுக்கிக்கொண்டு போய் முன்கம்பியில் முட்டித்தான் நிற்கும். இடுப்பைச் சுற்றிய வட்டம் முடிவது அங்கே. ஆகவே பக்கிளின் நீளமும் வட்டத்தில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலப் பக்கிளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பெல்ட் ஒன்றரை அங்குலம் தவறும்.

கேள்வி: கையில் டேப் இல்லை. 38 ஜீன்ஸ், அதை வைத்து ஒரு அளவு சொல்லுங்களேன்.

முதல் பதிலைப் படியுங்கள். டேப் 20 ரூபாய்க்குக் கிடைக்கும்.

கேள்வி: மடிப்பிலிருந்து அளப்பது தவறு என்கிறீர்களா? நானும் வீட்டில் பெல்ட் செய்கிறேன். பழைய பெல்ட்டின் மடிப்பு அளவை அப்படியே வைத்துத்தான் 10 பெல்ட்டுக்கு மேல் செய்தேன், எல்லாம் பொருந்தின.

பொருந்தியிருக்கும். பழைய பக்கிளும் புதிய பக்கிளும் ஒரே நீளமாக இருந்தால் எங்கிருந்து அளந்தாலும் ஒன்றுதான். பக்கிள் மாறும்போதுதான் வம்பு. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே நடந்தது. ஒருவர் பழைய பெல்ட்டைக் கொடுத்து, கூடவே பெரிய பித்தளைப் பக்கிள் ஒன்றையும் கொடுத்தார். மடிப்பு அளவை அப்படியே எடுத்து வெட்டினேன். பழைய பக்கிள் ஒன்றரை அங்குலம், புதியது மூன்று. பெல்ட் ஒன்றரை அங்குலம் தளர்ந்துபோய், போட்ட அன்றே கடைசித் துளைக்கு ஓடிவிட்டது. நல்ல முதுகுத் தோல் அது. அன்றிலிருந்துதான் இரண்டு அளவு.

கேள்வி: டேப்பை இடுப்பில் சுற்றி அளந்தால் இந்தக் குழப்பமே வராதே?

(இதுவும் அதே நண்பர்தான். விடுவதாக இல்லை, எனக்கும் அதில் சந்தோஷமே.)

வேறொரு குழப்பம் வரும். டேப்புக்குக் கனம் கிடையாது, தோலுக்கு உண்டு. 4 மி.மீ. கனமுள்ள பட்டையை வட்டமாக வளைத்தால் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், கனத்தின் நடுப்பகுதி மட்டுமே நீளம் மாறாமல் இருக்கும். ஆகவே உடம்பைத் தொடும் வட்டம், தரையில் விரித்து அளந்த நீளத்தைவிடக் குறைவு. எவ்வளவு என்றால், கனத்தைப் பை (π) என்ற எண்ணால், அதாவது 3.14ஆல், பெருக்குங்கள். 4 மி.மீ. தோலுக்கு 12½ மி.மீ., சுமார் அரை அங்குலம். டேப்பில் 36 வந்தால் முன்கம்பியிலிருந்து நடுத்துளைவரை 36½ வைக்க வேண்டும். பழைய பெல்ட்டை அளந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் எல்லாரிடமும் பழைய பெல்ட்டைக் கேட்கிறேன்.

பழைய பெல்ட்டே இல்லாதவர்கள் பேன்ட்டைப் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, லூப்புகளுக்குள் டேப்பை நுழைத்து அளங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். நின்று ஒரு முறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை. உட்காரும்போது ஒரு அங்குலம் கூடினால் அதையும் எழுதி அனுப்புங்கள். தையல்காரரின் பழைய துணி டேப் நாள்பட நீண்டிருக்கும், ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: துளை போட வீட்டில் கருவி இல்லை. ஆணியைச் சூடாக்கிப் போடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். சூடு பட்ட தோல் கருகி இறுகும், துளையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் கட்டும். முள் இழுக்க இழுக்க அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் பஞ்ச் வைத்து ஒரே அடியில் சுத்தமாகப் போட்டுத் தருவார்.

கேள்வி: அப்பா வேட்டிதான் கட்டுவார். வேட்டிக்குத் தோல் பெல்ட் செய்ய முடியுமா? அளவு எப்படி எடுப்பது?

இத்தனை கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். வேட்டி பெல்ட்டுக்குப் பேன்ட் கணக்கு எதுவுமே ஒத்துவராது. பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும், வேட்டியைப் பலர் தொப்புளை ஒட்டிக் கட்டுவார்கள். எனவே அப்பா எப்படிக் கட்டுவாரோ அப்படியே கட்டச் சொல்லி, வேட்டிக்கு மேலே டேப்பைச் சுற்றுங்கள். நாலு முழமா, எட்டு முழமா என்றும் கேளுங்கள். எட்டு முழத்தில் துணி இரட்டையாக வருவதால் இடுப்பு தடித்துவிடும். இரண்டும் கட்டுபவர் என்றால் எட்டு முழத்தோடு அளந்து, உள்பக்கமாக ஒரு துளை கூடுதலாகக் கேளுங்கள். வேட்டியை மடித்துக் கட்டும் பழக்கம் இருந்தால் அப்படியும் ஒரு முறை அளங்கள்.

அடுத்தது அகலம். பேன்ட் பெல்ட் ஒன்றரை அங்குலம், வேட்டி பெல்ட் 3 முதல் 4 அங்குலம். அவ்வளவு அகலத்துக்குள் மனித இடுப்பு உருளையாக இருக்காது. பெல்ட்டின் மேல் விளிம்பு வரும் இடத்தில் ஒரு அளவு, கீழ் விளிம்பு வரும் இடத்தில் ஒரு அளவு எடுங்கள். லேசாகத் தொப்பை உள்ளவருக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலம்கூட வித்தியாசம் வரலாம். இதற்காகவே நான் ஒரே பக்கிள் வைக்காமல் மேலும் கீழுமாக இரண்டு சின்னப் பக்கிள் வைப்பேன். மேலே மூன்றாவது துளை, கீழே இரண்டாவது என்று தனித்தனியாக மாட்டிக்கொள்ளலாம். பர்ஸ் எந்தப் பக்கம் வேண்டும், அதில் போன் வைப்பாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: பேன்ட் 32, டி-ஷர்ட் மீடியம். என்ன பெல்ட்?

பழைய பெல்ட்டை அளந்து அனுப்புங்கள். டி-ஷர்ட் வேண்டாம்.

கேள்வி: துளையே இல்லாமல் டிக் டிக் என்று நகரும் பெல்ட்டுக்கு அளவு?

அது நான் செய்வதில்லை. விற்பவரிடமே கேளுங்கள்.

கேள்வி: தோல் பெல்ட் நாளடைவில் நீளுமே, அதற்காக முன்கூட்டியே குறைத்து வெட்டுவீர்களா?

குறைக்க மாட்டேன். தோலைத் தேர்ந்தெடுப்பதிலேயே அதைக் கட்டுப்படுத்த வேண்டும். முதுகெலும்பை ஒட்டி அதே திசையில் வெட்டிய பட்டை கொஞ்சம்தான் நீளும். வயிற்றுப் பக்கத்துத் தோல் ரப்பர் போல இழுபடும், அங்கே நார் தளர்வு. பட்டையின் இரு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று: தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் ஊறிய தோல் துவண்டு, நீண்டு, கறுத்துவிடும்.

கேள்வி: பெல்ட் நீளமாகிவிட்டது. நுனியை வெட்டலாமா?

நுனியைத் தொடாதீர்கள், துளைகள் இருந்த இடத்திலேயே இருக்கும், வட்டம் குறையாது. பக்கிளைக் கழற்றி அந்த முனையில் வெட்ட வேண்டும். தையல் போட்ட பக்கிள் என்றால் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். மறுபடி சொல்கிறேன், சூடான ஆணி வேண்டாம்.

கேள்வி: அண்ணே, 34 பேன்ட் கேட்டவன்தான். அளந்துவிட்டேன். மடிப்பிலிருந்து துளைவரை 35¼, மடிப்பிலிருந்து முன்கம்பிவரை 1¾. பெல்ட் 3 மி.மீ. கனம்.

அருமை தம்பி. மொத்த வட்டம் 37. நீங்கள் படம் காட்டிய புதுப் பக்கிள் 2¼ அங்குலம், அதனால் மடிப்பிலிருந்து நடுத்துளைக்கு 34¾. என் தோல் 4 மி.மீ., ஒரு மி.மீ. கூடுதல் என்பதால் எட்டில் ஒரு அங்குலம் சேர்க்கிறேன், 34⅞. பக்கிளைச் சுற்றி மடிக்க 3½, நடுத்துளையிலிருந்து நுனிவரை 6. கூட்டினால் 44⅜. அகலம் ஒன்றரை. இன்று சாயங்காலம் வெட்டுகிறேன். பழுப்பா கறுப்பா என்று மட்டும் சொல்லுங்கள்.