தாத்தாவின் ரிவால்வர் யாருக்கு என்பது அப்புறம்

சேலம் பக்கமிருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ராணுவத்தில் சுபேதாராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றிய ரிவால்வரும் ஆறு தோட்டாவும் கிடைத்திருக்கின்றன. லைசென்ஸ் புத்தகத்தைக் காணோம். கடைசிவரை தாத்தாவைப் பார்த்துக்கொண்டது தானே என்றாலும் சித்தப்பா பங்கு கேட்கிறாராம், லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வழி சொல்லுங்கள் என்கிறார்.

அந்த நாலு பக்கத்தில் எனக்கு முக்கியம் ஒரே வரிதான்: "மூன்று மாதமாக என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்."

தாத்தாவுக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று ஆயுதச் சட்டம் கேட்காது. வாரிசுரிமையில் பொருளின் மதிப்பு உங்களுக்கு வரலாம், கையில் வைத்திருக்கும் உரிமை வராது. பெட்டியைத் திறக்கும்வரை "எனக்குத் தெரியாது" என்று வாதாட இடம் இருந்தது. திறந்த நாளிலிருந்து அது உங்கள் துப்பாக்கி, உங்கள் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5. குழலில் '.380' என்று குழல் அளவு பொறித்திருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அது கலெக்டர் சாதாரணமாக லைசென்ஸ் கொடுக்கிற .32 ரகம் இல்லை, 2016 ஆயுத விதிகளில் கட்டுப்படுத்தப்பட்ட வகை, லைசென்ஸுக்கு மத்திய உள்துறை வரை போகவேண்டும். இதையே தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று போலீஸ் எஃப்.ஐ.ஆரில் எழுதிவிட்டால் 7 முதல் 14 ஆண்டு வரைக்கான பிரிவு. அது சரியா தப்பா என்று நான் வாதாடுவேன்தான், ஆனால் நீங்கள் உள்ளே இருக்கும்போது.

ஆளுங்கள் மாட்டுவது பெரும்பாலும் துப்பாக்கியால் இல்லை, காகிதத்தால். என்னிடம் வந்த ஒருவர் பாகப்பிரிவினை வழக்கில் மாடு, மோட்டார், பித்தளை அண்டா என்று அடுக்கிய சொத்து அட்டவணையில் ஏழாவதாக 'துப்பாக்கி ஒன்று, வாதி வசம்' என்று எழுதவிட்டார். எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்துக்கு நகல் போட்டு எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட ஒப்புதலை நான் எங்கே போய் மறைப்பேன்? ஆகவே சித்தப்பா நோட்டீஸ் விட்டால், பதில் நோட்டீஸில் துப்பாக்கியைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தால், கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். பழைய தேதியில் தானக் கடிதம் தயார் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது தனி வழக்கு.

சரி, செய்ய வேண்டியது. சித்தப்பாவோடு சமாதானமாகப் போங்கள். அந்த ரிவால்வரை விற்கவே லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும், கிடைக்கிற பணம் என் ஃபீஸுக்குக்கூடக் காணாது. இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஆயுதச் சட்டம் 21-வது பிரிவில் ஒப்படைப்பதாக ஸ்டேஷனுக்குக் கடிதம், கலெக்டருக்கு நகல். உங்கள்மேல் வழக்கு தொடுக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால் அந்த மேசைக்கு உங்கள் கடிதம் முதலில் போய்ச் சேரட்டும். கலெக்டர் ஆபீஸ் ஆயுதப் பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த பழைய ரசீது வீட்டில் கிடைத்தாலும் லைசென்ஸ் எண் அதில் இருக்கலாம்.

துப்பாக்கியை நீங்களே பைக்கில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால் ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். வக்கீலோடு வெறும் கையாகப் போய்க் கடிதத்தைக் கொடுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். ரசீதில் குழல் எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் இருக்க வேண்டும். ஆறு என்றால் ஆறு. ஞாபகார்த்தமாக ஒன்றை எடுத்து வைக்காதீர்கள்.