ட்ரெமலோவை அழுத்தினால் சுருதி விலகுகிறதா?

கேள்வி: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டார் வைத்திருக்கிறேன். ட்ரெமலோ கையை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் உலோகக் கம்பியை) ஒருமுறை அழுத்தினாலே சுருதி போய்விடுகிறது. ட்யூனிங் கீக்களை (சுருதி சேர்க்கும் திருகுகளை) மாற்றிவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: அவசரப்பட்டுக் கீக்களில் பணத்தைப் போடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. முதலில் சுருதி சேர்த்துக்கொண்டு, ட்ரெமலோ கையை நன்றாக அழுத்தி விட்டுவிட்டு ட்யூனரைப் பாருங்கள். மறுபடி சுருதி சேர்த்து, அதே கம்பியை ஃப்ரெட்டில் வைத்து இழுத்து வளைத்துவிட்டுப் பாருங்கள். அழுத்தியபின் சுருதி ஏறியும், வளைத்தபின் இறங்கியும் நின்றால் கம்பி நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சிறு பட்டையில்) சிக்குகிறது என்று அர்த்தம். கையை அழுத்தும்போது தளர்ந்த கம்பி கொஞ்சம் ஹெட்ஸ்டாக் (கீக்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் நகர்கிறது. கையை விட்டதும் அது அப்படியே திரும்பி வர வேண்டும். பள்ளம் இறுக்கிப் பிடித்தால் வராது. கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று கேட்பதும் இதே அறிகுறிதான்.

கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து விலக்கி, மென்மையான பென்சிலால் உள்ளே நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கிராஃபைட்தான் மசகு. முதல் இரண்டு கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் தடவுங்கள். அந்த இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 9-42 என்ற மெல்லிய கம்பி செட்டிலிருந்து தடித்த 10-46க்கு மாறியவர்களுக்குப் பள்ளமே குறுகலாக இருக்கலாம். 400 எண் உப்புத்தாளை மடித்துப் பக்கச் சுவர்களை மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம். அடியைத் தொடவே கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் அதிரும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

நட் சரியாகியும் சிக்கல் தீராவிட்டால், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஆறு திருகுகளைப் பாருங்கள். ஆறையும் இறுக்கி வைத்தால் பிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கும். கையை இழுத்துப் பிரிட்ஜை உடலோடு ஒட்டவைத்து, ஓரத்துத் திருகுகள் இரண்டையும் பிரிட்ஜ் தகட்டைத் தொடும்வரை இறக்கி, அரைச் சுற்று பின்வாங்குங்கள். நடு நான்கின் தலைக்கும் தகட்டுக்கும் சுமார் 1.6 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுருதியில் நிற்கும்போது பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து 3.2 மி.மீ. உயர்ந்திருப்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. அதைவிட உயர்ந்தால் பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் சமமாக இறுக்குங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும்.

புதுக் கம்பிகளை விரல்களால் இழுத்துத் தளர்த்தாமல் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். கீயில் கம்பி இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றியிருந்தால் போதும்.

கேள்வி: கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிய பிறகும் உள்ளே ஏதோ ரீங்காரம் கேட்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: பின்மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்வரத்தை வெடுக்கென்று வாசித்து அடக்கி, ஸ்பிரிங்குகளை விரலால் தொடுங்கள். சத்தம் நின்றால் அவைதான் ஒலிக்கின்றன. மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டையை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் லேசாகத் தொடும்படி செருகுங்கள். திணித்தால் ட்ரெமலோ இறுகிவிடும். ட்ரெமலோ கையே லொடலொடத்தால் அதன் மரையில் குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்ளான் டேப்பை இரண்டு சுற்று சுற்றித் திருகுங்கள்.

கேள்வி: கம்பியைத் தொட்டால் ஆம்பில் இரைச்சல் குறைகிறது. எர்த் போய்விட்டதா?
- வாசகர், சேலம்

பதில்: இல்லை, எர்த் இருப்பதால்தான் குறைகிறது. மிச்சமிருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சார அலையாக்கும் பகுதி) பிடிக்கும் மின்சார இரைச்சல். தொட்டாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால்தான் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். ஸ்பிரிங் தகட்டில் பற்றவைத்திருக்கும் அந்த ஒயரைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் மற்றதை ஜாக்கின் வெளிப்புறத் தொடுமுனையிலும் வைத்தால் ஏறத்தாழ பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். மறுபடி பற்றவைக்க நேர்ந்தால் தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன் பயன்படுத்துங்கள். தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். சின்ன அயர்னில் ஈயம் ஒட்டாமல் பந்துபோல் நிற்கும்.

தொட்டால் இரைச்சல் ஏறினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கக்கூடும். ஷாக் அடித்தால் உடனே ஆம்பின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிட்டாரை ஆராய வேண்டாம். சுவர் சாக்கெட்டின் எர்த்தையும் ஆம்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே மறுபடி வாசியுங்கள்.